ஹெல்மெட்டில் வளர்ந்த நீலக் காளை

காலை எட்டு நாற்பத்திரண்டு. அந்த நிமிடத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. அதைப் பார்த்ததால்தான் விழுந்தோம்.

ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே இடது மணிக்கட்டைத் திருப்பிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மகளுக்குப் பள்ளி எட்டு ஐம்பதுக்கு. இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது, போய்விடலாம் என்று நினைத்து நிமிர்வதற்குள் முன்சக்கரம் மணலில் ஏறிவிட்டது. வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி யாரோ புது வீடு கட்டுகிறார்கள். கொட்டி வைத்த மணல் பாதிச் சாலைவரை பரவிக் கிடக்கும். தினமும் அதை விட்டு ஒதுங்கித்தான் போவேன். அன்று ஒதுங்கவில்லை.

எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த மகளுக்கு இடது முன்கை எலும்பு முறிந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. என் தலையில் ஹெல்மெட் இருந்தது, அவள் தலையில் இல்லை. அவள் தலையில் அடிபடவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அதில் என்னுடைய சாமர்த்தியம் எதுவும் இல்லை.

என் மனைவி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தகவல் தெரிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவள், எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மகளின் நெற்றியைத் தொட்டாள். பிறகு கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"ஒடஞ்சது நேரா ஒடஞ்சிருக்கு. ஆறு வாரத்துல கூடிடும். நீங்க முதல்ல தண்ணி குடிங்க."

அடிபட்டவள் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே ஸ்கூட்டரை வீட்டு வாசலுக்கு உள்ளே ஏற்றி, பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றால் மூடினேன். கலெக்டர் ஆபீஸில் எனக்கு வேலை. வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான். நடப்பது உடம்புக்கு நல்லது என்று எல்லாரிடமும் சொன்னேன். மகள் முழு ஆண்டுத் தேர்வுகளை ஆட்டோவில் போய் எழுதினாள். மனைவியைத்தான் சொல்ல வேண்டும். தினமும் மாலை அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்துக்குப் போய் அழைத்து வருவது எத்தனையோ வருடமாக என் வேலை. அதற்கும் நான் போகவில்லை. அவள் ஷேர் ஆட்டோவில் வந்தாள். ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. முதல் வாரத்திலேயே சிறியதாக ஒரு சிவப்பு ஹெல்மெட் வாங்கி வந்து, பிரிக்காத பையோடு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். அது யாருக்கு என்றும் சொல்லவில்லை, எப்போது என்றும் சொல்லவில்லை.

தேர்வு முடிந்து விடுமுறை விட்டார்கள். ஒரு கையில் மாவுக்கட்டோடு பன்னிரண்டு வயதுப் பெண் எவ்வளவு நேரம் டிவி பார்ப்பாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்.

"இதுக்குள்ள இன்னா இருக்கு? கல்லு மாதிரி ஆயிடுச்சு."

"துணிதான். அதுல மாவு மாதிரி ஒரு பவுடர் இருக்கும். தண்ணில நனைச்சு சுத்துனா காஞ்சு இறுகிடும்."

"துணிக்கு பதிலா பேப்பர் சுத்துனா?"

"கைக்கா?"

"கைக்கு இல்லமா. கிண்ணத்துக்கு."

அப்படித்தான் எங்கள் வீட்டில் காகிதக்கூழ் வந்தது. அந்த ஆறு வாரம் என் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான வாரங்களில் சேரும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன்.

தேர்வு முடிந்த பழைய நோட்டுகள் ஒரு மூட்டை இருந்தன. அவற்றைக் கிழிப்பதில் மகளுக்கு இருந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. ஒரு கையால் கிழிக்க முடியாததால் நோட்டைக் காலால் மிதித்துக்கொண்டு கிழித்தாள். கணக்கு நோட்டுக்குத் தனி உற்சாகம். துண்டுகளைப் பாடவாரியாகத் தனித்தனி வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறப்போட்டோம். மறுநாள் பார்த்தால் தண்ணீர் வெளிர் ரோஜா நிறம். டீச்சர்கள் போட்ட சிவப்பு மை எல்லாம் இறங்கியிருந்தது.

"பாரு பா, எந்த நோட்டுல தப்பு ஜாஸ்தியோ அந்த கூழு சிவப்பா இருக்கு," என்றாள். அறிவியல் நோட்டின் கூழ் நன்றாகவே வெளுத்திருந்தது. அதைப் பெருமையோடு தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள்.

கூழை மிக்ஸியில் அரைத்தோம். சட்னி ஜாரில். மனைவி வேலை முடிந்து வந்து மோந்து பார்த்துவிட்டு, "இந்த ஜார உங்க ரெண்டு பேருக்கே எழுதி வச்சுட்டேன்," என்று சொல்லி, வேறு ஜாரை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். அரைத்ததைப் பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்தோம். மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றி, சப்பாத்தி மாவு போலப் பிசைந்தோம். பிசைவது என் வேலை. மகளின் மாவுக்கட்டில் ஈரம் படக் கூடாது என்று ஜவுளிக்கடைப் பையை அவள் கையில் முழங்கைவரை மாட்டி, மேலே ரப்பர் பேண்டு போட்டேன். ரத்த ஓட்டம் நின்றுவிடுமோ என்று பயந்து அதைக் கழற்றிச் சணல் கட்டினேன். சணல் உறுத்துமோ என்று துணிப்பட்டைக்கு மாற்றினேன். அவள் பொறுமையாகக் கையை நீட்டியபடியே இருந்தாள்.

"அப்பா, கூழு காயறதுக்குள்ள கட்டி முடிச்சுடுவியா?"

முதல் கிண்ணம் எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மேல் செய்தது. மொட்டை மாடியில் காய வைத்தோம். சித்திரை வெயில், பக்கத்தில் மலைப் பாறை வேறு. அரை நாளில் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். மதியம் போய்ப் பார்த்தால் கிண்ணம் இல்லை. அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு குரங்கு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பளம் போலக் கடித்துக்கொண்டிருந்தது. மைதா ருசி. இரண்டாவது கிண்ணத்தை வீட்டுக்குள்ளேயே காய வைத்தோம். மூன்றாம் நாள் அதன் அடியில் பச்சைப் பூஞ்சை. அதைப் பார்த்து நான் போட்ட சத்தத்துக்கு அளவில்லை. பூஞ்சை காற்றில் பரவும், கட்டுக்குள் போகும், தோல் அழுகும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு எல்லா ஜன்னலையும் திறந்தேன்.

மனைவி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "வெந்தயம் அரைச்சு போடுங்க. எங்க அம்மா வீட்ல மொறத்துக்கு பேப்பரும் வெந்தயமும்தான் பூசுவாங்க. பூச்சியும் வராது, பூஞ்சையும் வராது."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கல. ரெண்டு பேரும் ஏதோ விஞ்ஞானிங்க மாதிரி உக்காந்திருந்தீங்க."

வெந்தயம் சேர்த்த மூன்றாவது கிண்ணம் இறுகியது. தட்டினால் மரம் போலச் சத்தம் வந்தது. மாடியில் வைத்தோம். குரங்கு வந்தது, ஓரத்தைக் கடித்தது, கசப்பு தாங்காமல் துப்பிவிட்டுப் போனது. அந்தப் பல் தடம் இன்றும் கிண்ணத்தின் விளிம்பில் இருக்கிறது. கிண்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மனைவி அதில் வெங்காயம் போட்டு வைத்தாள். கோணலாக இருக்கிறதே என்று நான் குறைப்பட்டதற்கு, "கோணலா இருந்தா வெங்காயம் என்ன கோச்சுக்கவா போவுது?" என்றாள்.

அதற்குப் பிறகு எங்களை நிறுத்த ஆளில்லை. ஆபீஸ் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிடுவேன். சட்டையைக் கழற்றிப் பனியனோடு தரையில் உட்கார்ந்துவிடுவேன். பேனா ஸ்டாண்டு ஒன்று செய்தோம். முட்டை அட்டையின் குழிகளைக் கத்தரித்துக் கண்களாக ஒட்டி ஓர் ஆந்தை செய்தோம். அதன் ஒரு கண் மேலே பார்க்கும், ஒரு கண் சமையலறையைப் பார்க்கும். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பளபளப்பான பகுதிகளைக் காசு அளவுக்கு வெட்டி, செதில்களாக ஒட்டி, முழ நீளத்துக்கு ஒரு மீன் செய்தோம். அருகில் போய்ப் பார்த்தால் ஒரு செதிலில் 'சுபமுகூர்த்தம்' என்றும் இன்னொன்றில் 'அவ்வண்ணமே கோரும்' என்றும் இருக்கும்.

கூழைப் பிசையும்போது எனக்கு வேறு நினைவே வராது என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். மற்ற நேரங்களில் அந்த மணலும், பின்னால் கேட்ட சின்னச் சத்தமும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. ஆபீஸில் ஒரு ஃபைலைத் திறந்தாலும் வரும். கை நிறையக் கூழ் இருக்கும்போது மட்டும் வராது.

மீனை மனைவி வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோனாள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறையில் மேலே தொங்கவிட்டாள். ஃபேன் காற்றில் அது மெதுவாகத் திரும்பும். பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் நேரத்தில் ஊசி போட்டுவிடலாம்.

"இன்னிக்கு ஏழு புள்ளைங்கள்ல ரெண்டு பேருதான் அழுதாங்க," என்று ஒரு நாள் வந்து சொன்னாள். "ஒரு குட்டிப் பையன், மீனு இருக்குது, மாடு எங்கனு கேக்கறான். அவங்க வீட்ல அஞ்சு மாடு இருக்குதாம்."

மகள் உடனே எழுந்து நின்றாள். "அடுத்த வாரம் மாடு வந்துடும்னு சொல்லிடுமா."

மாட்டுத் தலைக்குப் பெரிய அச்சு வேண்டும். பலூன் ஊதினோம், மாடி வெயிலில் வெடித்தது. குடம் நீளமாக இருந்தது. சிவப்பு ஹெல்மெட்டை அவள் ஃப்ரிட்ஜ் மேலிருந்து எடுத்தபோது நான் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தேன். "அது உன் தலைக்கு. அதுல ஒண்ணும் ஒட்டக் கூடாது."

"அப்ப உன்னோடது?"

கொடியில் மாட்டியிருந்த என் ஹெல்மெட்டை உடனே எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு நிறம், முகம் திறந்திருக்கும் வகை. முன்கண்ணாடியையும் திருகாணி கழற்றி எடுத்துவிட்டேன். அவள் வாங்காமல் என்னைப் பார்த்தாள்.

"உனக்கு வேணாமா பா?"

"இப்ப வேணாம்."

அச்சிலிருந்து காகிதம் கழன்று வர வேண்டும் என்றால் ஒன்று எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் சுற்ற வேண்டும். எண்ணெய் என் பொறுப்பு. எண்ணெய் போடாத அச்சுக்குப் பிளாஸ்டிக் சுற்றுவது அவள் பொறுப்பு. நான் என்ன செய்தேன் என்றால், ஹெல்மெட்டில் பல வருட வியர்வை இருக்கிறதே, கிருமி இருக்குமே என்று பயந்து, பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டு வெந்நீரில் இரண்டு முறை கழுவினேன். துடைத்து வெயிலில் வைத்தபோது அது புதிது போல மின்னியது. இவ்வளவு வழவழப்பில் எண்ணெய் நிற்காது, பிளாஸ்டிக் சுற்றிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அந்த மினுமினுப்பைப் பார்த்து, அப்பா எண்ணெய் தடவிவிட்டார் என்று நினைத்தாள். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

ஐந்து நாள் வேலை. செய்தித்தாள் பட்டைகளைப் பசையில் நனைத்து நான்கு அடுக்கு ஒட்டினோம். முன்பக்கம் மாட்டின் மூக்கும் வாயும், போடுபவரின் நெற்றிக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும்படி. அதற்குக் கூழ். நாசித் துவாரங்களை அவள் கட்டைவிரலால் குத்தினாள். காதுகள் அட்டைப்பெட்டியில் வெட்டியவை. கொம்புகள் செய்தித்தாளை முறுக்கிச் செய்தவை, கன்றுக்கு முளைத்தது போலக் குட்டையாக. அடி விளிம்பு அழகாக வர வேண்டும் என்று பட்டைகளை உள்பக்கமாக மடித்து வேறு ஒட்டினோம். கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த நீலப் பெயின்ட் முகத்துக்கு. கொம்பு நுனிக்குச் சிவப்பு. கழுத்துக்கு அவளுடைய உடைந்த கண்ணாடி வளையல்கள்.

அது அழகாக இருந்தது. நாங்கள் செய்ததிலேயே முதன்முதலாக, என்ன இது என்று யாரும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாத பொருள் அது.

இடையில் வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி சாதாரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். எதற்கும் இன்னும் கொஞ்ச நாள் என்று நான் ஆரம்பித்தேன். "சாதாரணமா இருக்கலாம்னு சொன்னேன் சார்," என்றார் மறுபடியும். என்னைத்தான் சொன்னார் போலிருக்கிறது.

சனிக்கிழமை மதியம் மாட்டை அச்சிலிருந்து கழற்ற உட்கார்ந்தோம். நான் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் மாட்டின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கத்தி முனையால் விளிம்பை நெம்பினேன். காகிதம் ஹெல்மெட்டோடு ஹெல்மெட்டாகப் பிடித்திருந்தது.

"எண்ணெய் தடவுனியா இல்லையா பா?"

"நீ பிளாஸ்டிக் சுத்தலையா?"

இரண்டு பேரும் மாட்டைப் பார்த்தோம். மாடு எங்களைப் பார்த்தது. அவள்தான் முதலில் சிரித்தாள். தரையில் படுத்துச் சிரித்தாள். அந்தக் கை தரையில் படுகிறதே என்று பார்த்துக்கொண்டே நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு எனக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கட்டுப் பிரித்துவிட்டார்களே, வண்டியை எப்போது எடுப்பாய் என்று இனி யாரும் கேட்க முடியாது. ஹெல்மெட் இல்லாமல் வண்டி எடுக்கக் கூடாது. என் ஹெல்மெட் ஒரு மாட்டுக்குள் இருக்கிறது.

ஐந்து மணிக்கு மனைவி போன் செய்தாள். அன்று சித்திரைப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். "என் பஸ்ஸும் பைபாஸ்லயே நின்னுடுமாம். ஷேர் ஆட்டோ ஒண்ணும் இந்தப் பக்கம் வராது, எல்லாம் கிரிவலத்துக்குப் போயிடுச்சு. இருபது நிமிஷந்தான, நடந்து வந்துடறேன். நீங்க சாப்பாட்டுக்கு அரிசி மட்டும் ஊற வைங்க." காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவளின் குரல். ஆனாலும் அவள் என்னை வரச் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மகள் இரும்பு அறுக்கும் ரம்ப பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்ற?"

"நடுவுல அறுத்தா ரெண்டா வந்துடும். ஹெல்மெட்ட எடுத்துடலாம்."

"வேணாம் வேணாம். எவ்ளோ அழகா வந்திருக்குது. அந்தப் பையனுக்கு வேற சொல்லிட்டோம். போய் அறுக்கறேன்ற."

"மறுபடி ஒட்டிக்கலாம். அம்மா நடந்து வராங்க."

"மாட்ட அறுக்க எனக்கு மனசு வரலமா."

அவள் பிளேடைக் கீழே வைத்தாள். கோபமெல்லாம் இல்லை. மணி கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

"மாட்டுக்காக இல்ல பா. உனக்கு பயம். கை ஒடஞ்சது எனக்கு. நான் பயப்படல. உனக்கு ஒண்ணுமே ஆகல, நீ பயப்படற. நீ வண்டிய எடுக்கலன்னா நான் எப்படி ஏறுறது? அம்மா எனக்கு வாங்கின ஹெல்மெட்டு ஃப்ரிட்ஜ் மேலயே கெடக்குது."

ஆறு வாரமாக வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்த விஷயம்தான். சொன்னது அவள் ஒருத்தி. பிளேடை எடுத்தேன். மாட்டின் நெற்றியில் வைத்தேன். உண்மையாகவே அறுக்க முடியவில்லை. இந்த முறை அது சாக்கு இல்லை. அந்த நாசித் துவாரத்தில் அவள் கட்டைவிரல் ரேகை இருந்தது.

"அப்ப மாட்டோடயே போட்டுக்கோ," என்றாள்.

விளையாட்டாகத்தான் மாட்டிப் பார்த்தேன். தலை சரியாக உள்ளே போனது. தாடைப்பட்டை பழையபடி மாட்டிக்கொண்டது. மாட்டின் மூக்கு என் நெற்றிக்கு மேல் சன்ஷேட் போல நின்றது. பார்வையை எதுவும் மறைக்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன். வளையல் துண்டுகள் சத்தம் போட்டன. கண்ணாடி முன் நின்றேன். ஐம்பதைத் தொடப்போகும் அரசு ஊழியர் ஒருவர் நீல நிறக் காளையாக நின்றுகொண்டிருந்தார்.

அதைப் பார்த்து இரண்டு பேருக்கும் மறுபடி சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும், அது போய்விட்டால் பிறகு முடியாது என்று தோன்றியது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தேன். மகள் சிவப்பு ஹெல்மெட்டின் பையைப் பிரித்தாள். அவள் தாடைக்குக் கீழே பட்டையை நான்கு தடவை இழுத்துப் பார்த்தேன். பேனரை எடுத்தோம். பேட்டரி இறங்கியிருந்தது. கிக்கரை உதைக்க ஆரம்பித்தேன். பதினைந்தாவது உதையில் வண்டி இருமியது. இருபதாவதில் எழுந்தது.

வேகமுள் இருபதுக்கு மேல் போகவில்லை. எதிர்வீட்டு நாய் குரைத்துக்கொண்டே வந்து, என் தலையைப் பார்த்ததும் குரைப்பதை நிறுத்திவிட்டது.

"அப்பா, சைக்கிள்ல ஒருத்தர் நம்மள தாண்டிட்டாரு."

"தாண்டட்டும்."

"கேன் தண்ணி எடுத்துட்டுப் போறாரு பா. ரெண்டு கேன்."

"தாண்டட்டும்மா."

அந்த இடம் வந்தது. வீடு கூரைவரை எழும்பியிருந்தது. மணல் குறைந்திருந்தாலும் ஓரமாகக் கொஞ்சம் கிடந்தது. என் இரண்டு கையும் பிரேக்கைப் பிடித்துவிட்டன. வண்டி நின்றது. இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையை இடுப்பருகில் பிடித்தது. இடது பக்கம். மெலிந்த கை. பிடி மட்டும் மெலிந்திருக்கவில்லை.

"இந்தப் பக்கமா ஒதுங்கிப் போ பா. நெறைய இடம் இருக்குது."

நிறைய இடம் இருந்தது. போனோம்.

மெயின் ரோட்டுத் திருப்பத்தில் பௌர்ணமிப் பந்தோபஸ்துக்குப் போட்டிருந்த போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். சுற்றி வந்து என் கொம்பைப் பார்த்தார், மகளின் ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, வேஷமா?"

"இல்ல சார். ஹெல்மெட்டுதான். உள்ள மாட்டிக்கிச்சு."

"உள்ள ஹெல்மெட் கீதா?"

குனிந்து விளிம்பைக் காட்டினேன். அவர் விரலால் தட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் போட்டுக்கினு கீறீங்க. இந்த ரோட்டுல அதுவே பெரிய விஷயம். போங்க. கொம்பு யார் மேலயும் குத்தாம பாத்துக்கோங்க."

பைபாஸ் பஸ் நிறுத்தத்தில் நல்ல கூட்டம். ஆந்திராவிலிருந்து வேனில் வந்த குடும்பம் ஒன்று ஓரமாக நின்று, எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தது. அவர்களில் ஓர் அம்மா என்னைப் பார்த்து, "நந்தி, நந்தி," என்று மற்றவர்களைக் கூப்பிட்டார். கழற்றலாம் என்றால் தாடைப்பட்டையின் கொக்கியில் பெயின்ட் காய்ந்து அது அழுந்த மறுத்தது. வரிசையாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மா மாட்டின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மகள் அவர்களுக்கு மலை இருக்கும் திசையைக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால். அதை உயர்த்தி நீட்டி. எப்போதிலிருந்து அதை அப்படிப் பயன்படுத்துகிறாள் என்று நான் கவனிக்கவே இல்லை.

மனைவியின் பஸ் வரவில்லை. ஒன்று வந்தது, அதில் அவள் இல்லை. அடுத்ததும் வந்து போனது. வழக்கமான பயங்கள் வழக்கமான வரிசையில் எனக்குள் எழுந்து நின்றன. இன்றும் அவை எழுகின்றன, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட. ஆனால் தலையில் கொம்போடு நின்றுகொண்டு ஒரு மனிதன் ஓரளவுக்கு மேல் பயப்பட முடியாது என்பதை அன்று கண்டுகொண்டேன். யாராவது ஒரு குழந்தை வந்து காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடும்.

அப்போதுதான் மகள் கேட்டாள்.

"அப்பா, அம்மா வந்தா எங்க உக்காருவாங்க?"

நான் ஸ்கூட்டரைப் பார்த்தேன். இரண்டு பேர் உட்காரலாம். இரண்டு ஹெல்மெட். நாங்கள் மூன்று பேர். வீட்டிலிருந்து கிளம்பிய பரபரப்பில் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை. எண்ணெய் விஷயத்தைப் போலவே, அவள் யோசித்திருப்பாள் என்று நானும் நான் யோசித்திருப்பேன் என்று அவளும்.

மூன்றாவது பஸ் வந்து நின்றது. கடைசி ஆளாக என் மனைவி இறங்கினாள். தோளில் பை, கையில் மடக்கிய குடை. தலை குனிந்து நடக்க ஆரம்பித்தவள், நாலடி வந்து நின்றாள். முதலில் ஸ்கூட்டரைப் பார்த்தாள். பிறகு அதன்மேல் சிவப்பு ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த மகளை. கடைசியாக என்னை, மேலிருந்து கீழாக, கொம்பிலிருந்து செருப்புவரை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்தது, ஆனால் அது அழுகை இல்லை, அழுகை மட்டும் இல்லை.

நான் விளக்க ஆரம்பித்தேன். "மூணு பேரு ஆயிட்டோம். அத யோசிக்கல. முதல்ல உன்ன வீட்ல விட்டுட்டு வரலாம்னா பாப்பா இங்க தனியா நிக்கணும். அவள விட்டுட்டு வரலாம்னா வீட்ல தனியா..."

அவள் தன் பையைக் கழற்றி வண்டியின் முன்னால் கால் வைக்கும் இடத்தில் வைத்தாள். மகளின் தாடைப்பட்டையை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். குடையைக் குச்சி போலக் கையில் பிடித்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் மெதுவா முன்னாடி போங்க. நான் பின்னாடியே நடந்து வரேன். யாராவது கேட்டா, மாடு ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்னு சொல்லிக்கறேன்."